புதுச்சேரியில் பிள்ளைகளோடு மூன்று நாள்: கத்தோலிக்கக் குடும்பத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

முதன்முறை குடும்பமாகப் புதுச்சேரிக்குப் போனபோது ஒரே நாளில் நான்கு கோவில் பார்ப்பது என்று திட்டம் போட்டிருந்தோம். மூன்றாவது கோவிலின் வாசலில் என் சின்னவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போது அவனுக்கு நான்கு வயது. "இங்கேயும் அதே சாமிதானே இருக்காரு?" என்று கேட்டான். மறைக்கல்வி ஆசிரியராக இருந்த என் மாமியாரே வாயடைத்துப் போனார். அவன் கேட்டதில் தப்பே இல்லை. எல்லா நற்கருணைப் பேழையிலும் அதே ஆண்டவர்தான். நான்காவது கோவிலுக்கு நாங்கள் போகவில்லை.

அதற்குப் பிறகு மூன்று முறை போய் வந்துவிட்டோம். இப்போது எங்களுக்கு ஒரே விதிதான்: ஒரு நாளைக்கு ஒரு கோவில். அந்த ஒன்றில் அவசரப்படாமல் உட்காருவோம், ஜெபிப்போம், பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வோம். மீதி நேரம் கடலுக்கும் பூங்காவுக்கும் தூக்கத்துக்கும். கீழே உள்ளதெல்லாம் அந்த விதியைச் சுற்றி அமைந்ததுதான். மூன்று வயதிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வெள்ளி மதியம் போய்ச் சேர்ந்து ஞாயிறு மாலை கிளம்புவதாகக் கணக்கு.

எந்த மாதம்?

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் என்று வானிலைச் செய்தி வந்தால் யோசிக்காமல் தள்ளிப்போடுங்கள், மழையில் புதுச்சேரியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்வதற்கு அதிகம் இல்லை. ஏப்ரல், மே வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஆனால் பள்ளி விடுமுறை அப்போதுதான் வருகிறது என்பவர்கள், காலை 10 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை அறையை விட்டு வெளியே வரமாட்டோம் என்ற உறுதியோடு போகலாம்.

டிசம்பர் 31 வேண்டவே வேண்டாம். புத்தாண்டுக்கு ஊரே நிரம்பி வழியும், அறை வாடகை எகிறும், சாலையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்கள் அதிகம். தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை வரும் வார இறுதிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

திருவிழா பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு டிசம்பர் 8 அமலோற்பவ அன்னையின் பெருவிழா, மிஷன் வீதிப் பேராலயத்துக்கு உரிய நாள். திரு இருதயப் பெருவிழா பெரும்பாலும் ஜூனில் வரும். வில்லியனூர் லூர்து மாதா கோவிலின் ஆண்டுத் திருவிழா உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டர்) அடுத்து நடக்கும். தேர்பவனி பிள்ளைகளுக்கு மறக்க முடியாத காட்சிதான், ஆனால் கூட்டத்தில் மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் சுமந்து இரண்டு மணி நேரம் நிற்க உங்களால் முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களால் முடியவில்லை.

தங்கும் இடத்தை முடிவு செய்யும் முன்

மூன்று வழி உண்டு. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதி, ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ்ப் பகுதி, ஊருக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ரிசார்ட்டுகள். நீச்சல் குளம், மணல், புல்வெளி என்று ரிசார்ட்டில் பிள்ளைகள் குஷியாக இருப்பார்கள். ஆனால் காலைத் திருப்பலிக்கு (பூசைக்கு) வர 5 மணிக்கே எல்லோரையும் எழுப்பி வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும். மூன்று நாளும் கோவிலுக்கு நடந்தே போய் வர வேண்டும் என்றால் ஊருக்குள்தான் தங்க வேண்டும்.

பிரெஞ்சுப் பகுதியின் பழைய வீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் மயங்கிவிடுவோம். முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் நான்கு கேள்வி கேளுங்கள். அறை எந்த மாடியில்? படிக்கட்டு செங்குத்தாக இருக்குமா? பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே பிள்ளையின் தலை நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா? முற்றத்தில் தொட்டியோ கிணறோ திறந்து கிடக்கிறதா? ஒருமுறை நாங்கள் தங்கிய வீட்டில் முற்றத்தின் நடுவே அல்லிக்குளம் இருந்தது. அழகுதான். மூன்று நாளும் நானும் கணவரும் மாறி மாறி அதற்குக் காவல் இருந்தோம்.

விலை முக்கியம் என்றால் தென் புல்வார் சாலைப் பக்கம், ரயில் நிலையத்தை ஒட்டித் தேடலாம். திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா அங்கேயே இருக்கிறது, கடற்கரையும் அதிகத் தூரமில்லை.

போகும் வழி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். காரில் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் இருந்தால் நான்கரை. பேருந்துகள் நிறைய உண்டு. தென் மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருபவர்கள் விழுப்புரத்தில் இறங்கிச் சாலை வழியே 40 கிலோமீட்டர் வரலாம். புதுச்சேரி வரைக்கும் வரும் ரயில் கிடைத்தால் அதைவிட வசதி எதுவும் இல்லை. நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் பசிலிக்காவின் கோபுரங்கள் தெரியும். "வந்துட்டோம்" என்று பிள்ளைகளிடம் சொல்ல அதைவிட நல்ல காட்சி கிடையாது.

வண்டியில் ஜெபமாலை சொல்லும் வழக்கம் இருந்தால், 53 மணியையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஊர் எல்லையில் ஒரு பத்து மணி, டோல் தாண்டியதும் ஒரு பத்து மணி என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு பத்து மணியையும் ஒரு பிள்ளை தொடங்கட்டும், யாருக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்பதையும் அவர்களே சொல்லட்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை முழுப் பத்து மணியும் பக்கத்து வீட்டுப் பூனையின் காலுக்காகப் போனது.

திருப்பலி நேரத்தை முதலில் குறியுங்கள்

பயணத்தை இங்கிருந்துதான் கட்ட வேண்டும். மற்றதெல்லாம் முடிந்த பிறகு பூசைக்கு நேரம் தேடினால், ஞாயிறு காலை எல்லோரும் எரிச்சலோடு ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

சனி மாலையில் காணும் திருப்பலியும் ஞாயிறு பூசை காண வேண்டிய கடனை நிறைவேற்றும். திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பிள்ளைகளோடு போகும்போது இது பெரிய உதவி. சனி மாலை பூசை கண்டுவிட்டால் ஞாயிறு முழுவதும் கையில் இருக்கும். ஏழு வயது நிறையாத பிள்ளைகளுக்குத் திருச்சபைச் சட்டங்கள் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்காகச் சின்னவர்களை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அப்பா ஒரு பூசைக்கும் அம்மா அடுத்த பூசைக்கும் போய் வரலாம், பிள்ளை அறையில் தூங்கட்டும், மனம் உறுத்த வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பூசை நேரங்களைப் பழைய பட்டியல்களை நம்பி முடிவு செய்யாதீர்கள். தவக்காலம், திருவிழா, மறைமாவட்ட நிகழ்ச்சி என்று மாறிக்கொண்டே இருக்கும். போன அன்றே கோவில் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், இல்லாவிட்டால் கோவிலின் பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பூசை உண்டு. டூமா வீதியில் உள்ள தேவதூதர்களின் அன்னை கோவிலில் பிரெஞ்சிலும் உண்டு. மொழி புரியாவிட்டாலும் எந்த இடத்தில் மணி அடிக்கும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். என் மகள் பிரெஞ்சுப் பூசையில் ஒவ்வொரு பகுதியையும் தமிழில் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்றுதான் அவளுக்குப் பூசை எவ்வளவு மனப்பாடம் என்று தெரிந்தது.

எங்கே உட்காருவது? பின்வரிசை என்று கால்கள் தானாகப் போகும். போகாதீர்கள். பின்னால் இருந்தால் பிள்ளைக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் சட்டை மட்டும்தான், சலிப்பில் ஓட ஆரம்பிக்கும். முன்பக்கம், ஆனால் பக்கவாசலை ஒட்டிய ஓரத்தில் இடம் பிடியுங்கள். பீடச்சிறுவர்கள், மெழுகுதிரிகள், குருவானவரின் கைகள் எல்லாம் தெரியும். அழுதால் சட்டென்று வெளியே தூக்கிக்கொண்டு போகவும் வழி இருக்கும்.

புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய பிள்ளை இருந்தால் நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பிடக்கூடாது என்பதைக் கணக்கில் வையுங்கள். மாலைப் பூசைக்குப் போகும் வழியில் சுண்டல் கேட்பார்கள். தண்ணீரும் மருந்தும் தடையில்லை. நாங்கள் பூசைக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே டிபனை முடித்துவிடுவோம்.

இன்னொன்று, பலருக்கு வெளியூரில் தோன்றாத யோசனை: தாத்தா பாட்டி நினைவாகவோ பிள்ளையின் பிறந்தநாளுக்காகவோ அங்கே ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள். முதல் நாளே பங்கு அலுவலகத்தில் பெயர் எழுதிக் காணிக்கை கட்டினால் போதும். அறியாத ஊரில் அறியாத குருவானவர் வாயால் தன் தாத்தாவின் பெயரைக் கேட்டதும் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வெள்ளி: பசிலிக்காவும் கடற்கரைச் சாலையும்

மதியம் சேர்ந்ததும் சாப்பாடு, தூக்கம். இதில் சமரசம் வேண்டாம். தூங்காத பிள்ளையோடு மாலை 6 மணிக்குக் கோவிலுக்குப் போனால் கோபம்தான் மிஞ்சும்.

4.30 வாக்கில் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் போங்கள். 1902இல் தொடங்கி 1907இல் கட்டி முடித்த கோதிக் பாணிக் கோவில். 2011இல் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. சிவப்பும் வெள்ளையுமான முகப்பு பிள்ளைகளுக்குப் பொம்மைக் கோட்டை மாதிரி தெரியும். உள்ளே வண்ணக் கண்ணாடி சன்னல்கள்தான் முக்கியம். சூரியன் சாயும் நேரத்தில் நிறங்கள் சுவரிலும் தூணிலும் விழும். "சிவப்பு எங்கே விழுந்திருக்கு, நீலம் எங்கே?" என்று தேடவிடுங்கள். பிறகு சன்னல்களில் உள்ள புனிதர்களில் தங்கள் பெயர்கொண்ட புனிதர் இருக்கிறாரா என்று பார்க்கட்டும். திரு இருதயச் சுரூபத்தின் முன் வந்ததும் ஒரு கேள்வி போதும்: "இதயத்தைச் சுத்தி ஏன் முள்ளு இருக்கு?" பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லட்டும். அது மாதத்தின் முதல் வெள்ளியாக அமைந்தால் கூட்டம் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் திரு இருதயக் கோவிலில் முதல் வெள்ளிப் பூசை காண்பது தனி நிறைவு.

உடை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடற்கரை அரைக்காற்சட்டையோடு நுழையாமல் இருந்தால் சரி. செருப்பை வெளியே விடும் வழக்கம் உள்ள இடத்தில் மற்றவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். சுலபமாகக் கழற்றக்கூடிய செருப்பாகப் போட்டுவிடுங்கள், வார் கட்டும் ஷூ வேண்டாம்.

அப்புறம் கடற்கரைச் சாலை. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சாலை முழுவதும் பிள்ளைகளுக்கே. சின்ன சைக்கிளோ ஸ்கூட்டரோ காரில் கொண்டுபோயிருந்தால் இப்போது எடுங்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்குத் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. 1836ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம், போர் நினைவிடம், பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளேயின் சிலை எல்லாம் இந்தச் சாலையிலேயே இருக்கின்றன.

போலீசாரின் சிவப்புத் தொப்பியைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கம், அதற்குப் பெயர் கெப்பி. நமக்குக் கெபி என்றால் மாதா சுரூபம் வைக்கும் குகை. "மாதா கெபியை ஏன் தலையில வச்சிருக்காங்க?" என்று சின்னவன் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டது.

பாறைகளில் மட்டும் ஏறவிடாதீர்கள். கரை அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்கள் அவை. பாசி பிடித்து வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். பெரியவர்கள் ஏறி செல்ஃபி எடுப்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் கேட்பார்கள். முடியாது என்றால் முடியாதுதான்.

சனி காலை: கப்ஸ் கோவில், ஜோன் ஆஃப் ஆர்க், பூங்கா

6 மணிக்குப் பிள்ளைகள் எப்படியும் எழுந்துவிடுவார்கள், வெளியூர் என்றால் இன்னும் சீக்கிரம். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சூரிய உதயம் கடல்மேல். அது முடிந்ததும் டூமா வீதியில் உள்ள தேவதூதர்களின் அன்னை கோவிலை எட்டிப் பார்த்துவிடுங்கள். விதிப்படி சனிக்குரிய கோவில் மாலையில் போகும் பேராலயம்தான். உள்ளூரில் கப்ஸ் கோவில் என்றால்தான் தெரியும். கப்புசின் துறவிகளின் கோவில் என்பது பேச்சில் சுருங்கிக் கப்ஸ் ஆனது. இப்போதுள்ள கட்டடம் 1855இல் முடிந்தது. உள்ளே உள்ள விண்ணேற்பு அன்னையின் ஓவியம் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கொடுத்தது. சுவரின் பளபளப்புக்குச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்தார்கள் என்று சொல்வார்கள். "எத்தனை முட்டை?" என்று என் மகள் கணக்குப் போட ஆரம்பித்து ஆம்லெட்டில் முடித்தாள்.

கோவிலுக்கு எதிரே கடல் பக்கமாக உள்ள சிறு தோட்டத்தில் புனித ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நல்ல இடம். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண், பதின்வயதில் கவசம் போட்டுப் படை நடத்தினாள், 1431இல் பத்தொன்பது வயதில் அவளை எரித்துக் கொன்றார்கள், 1920இல் திருச்சபை அவளைப் புனிதர் என்று அறிவித்தது. மூன்று வயதுக்காரர்களுக்கு எரித்த பகுதியை விட்டுவிடலாம். ஏழு வயதுக்கு மேல் அதைத்தான் கேட்பார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு இட்லியா குரோசானா என்று பிள்ளைகளிடம் கேட்காதீர்கள், இரண்டையும் வாங்குங்கள். பிரெஞ்சு பேக்கரிகள் இந்த ஊரின் சொத்து. மிச்சமாகும் நீள ரொட்டி மதியம் வரை தாங்கும்.

பாரதி பூங்காவுக்கு 8 மணிக்குள் போய்விடுங்கள். நிழல் உண்டு, விளையாட இடம் உண்டு, நடுவில் வெள்ளை நிற ஆயி மண்டபம். பக்கத்திலேயே அரசு அருங்காட்சியகம். பழங்காலத் துறையான அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும், ஆட்கள் தள்ளிக்கொண்டு போன பழைய வண்டியும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது. திங்கள்கிழமை மூடியிருக்கும்.

இங்கிருந்து நடந்து திரும்பும்போது ஊரின் கதையைச் சொல்லலாம். பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கே பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவினார். 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1761இல் ஆங்கிலேயர்கள் பிடித்து ஊரையே இடித்துத் தள்ளினார்கள். அதனால்தான் பிரெஞ்சுப் பகுதியின் பழைய வீடுகள் என்று நாம் பார்ப்பவை பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. வாய்க்காலைக் கடந்தால் வீடுகளின் முகமே மாறும். கிழக்கே உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு. மேற்கே திண்ணை, மரத்தூண், சாய்ந்த கூரை. எந்த வீட்டில் வழிப்போக்கர் உட்காரலாம், எந்த வீட்டில் முடியாது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

மணக்குள விநாயகர் கோவில் யானை லட்சுமியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் பிள்ளைகள் கேட்பார்கள். அது 2022இல் இறந்துவிட்டது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

11 மணிக்கு அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

சனி மாலை: பேராலயம்

மிஷன் வீதியில் உள்ள ஜென்மராக்கினி மாதா பேராலயம்தான் இந்தப் பயணத்தின் நடுநாயகம். ஆட்டோக்காரரிடம் சம்பா கோவில் என்று சொல்லுங்கள். புனித பவுல் கோவில் என்ற பெயர் ஐரோப்பியர் வாயிலிருந்து தமிழர் வாய்க்கு வந்து சம்பா ஆகிவிட்டது.

இயேசு சபைக் குருக்கள் 1692இல் கட்டிய கோவிலை அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் இடித்தார்கள். பிறகு எழுந்த பெரிய கோவில் 1761இல் ஊரோடு சேர்ந்து போனது. இப்போது நிற்பது 1791இல் முடிந்தது. இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு முகப்பில் 1791 எங்கே எழுதியிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம் என்றால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். "இடிச்சா திரும்பக் கட்டினாங்களா? திரும்ப இடிச்சா?" என்று கேள்வி வரும். அந்தப் பேச்சை அவசரமாக முடிக்காதீர்கள். கோவில் என்பது கல்லா ஆட்களா என்று நாம் மறையுரையில் எத்தனையோ முறை கேட்டதைப் பிள்ளைகள் தாமாகவே கேட்கிற இடம் அது.

வளர்ந்த பிள்ளைகளிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லலாம். 1748இல், டூப்ளே காலத்தில், இதே வட்டாரத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை இடித்தார்கள். டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் மனம் நொந்து அதை எழுதியிருக்கிறார். நம் கோவிலை இடித்தவர்களைப் பற்றிப் பேசிவிட்டு இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

பூசைக்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வெளியே ஓடட்டும், மெழுகுதிரி கொளுத்தட்டும், பிறகு உள்ளே. பூசை முடிந்ததும் கடைத்தெருவே வாசலில் இருக்கும், இரவுச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். உணவகத்தில் நுழைவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: குடும்பத்துக்குத் தனி அறை இருக்கிறதா? இந்த ஊரில் பல உணவகங்கள் பாராகவும் இருக்கும். 7 மணிக்குச் சாப்பிட்டு 8 மணிக்கு வெளியேறிவிட்டால் சத்தம் தொடங்குவதற்குள் தப்பித்துவிடலாம்.

ஞாயிறு: படகு, பிறகு வில்லியனூர்

காலை 9 மணிக்குச் சுண்ணாம்பாறு படகுத்துறையில் இருங்கள். கடலூர் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர். அங்கிருந்து படகில் பாரடைஸ் பீச் என்ற மணல்திட்டுக்குப் போகலாம். பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு ஜாக்கெட் கேளுங்கள். பெரியவர்களுடையதை மாட்டிவிட்டால் தண்ணீரில் தலைவழியே உருவிக்கொண்டு போய்விடும். மணலில் விளையாடலாம், கடலில் இறக்காதீர்கள். அலை இழுப்பு அதிகம். கணுக்கால் அளவு தண்ணீர் என்றாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது கணக்கு. இரண்டு பிள்ளைக்கு ஒருவர் போதும் என்று நினைத்த ஒரு நிமிடத்தில் என் மகளை அலை உருட்டிவிட்டது. முட்டி சிராய்த்ததோடு போயிற்று, ஆனாலும் அன்று முழுவதும் என் கை நடுங்கியது.

பெரிய பிள்ளைகள் இருந்தால் படகுக்குப் பதிலாக அரிக்கமேடு போகலாம். ரோமானியர்களோடு வணிகம் நடந்த துறை. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். இன்று கண்ணுக்குத் தெரிவது பழைய மிஷன் கட்டடத்தின் இடிந்த செங்கல் சுவர்களும் ஆறும் மாந்தோப்பும்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

மதியத் தூக்கம் முடிந்து, அறையைக் காலி செய்துவிட்டு வில்லியனூர். ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், விழுப்புரம் சாலையில். விழுப்புரம் வழியே திரும்புபவர்களுக்குப் போகும் வழியிலேயே அமையும், சென்னைக்காரர்களுக்குக் கொஞ்சம் சுற்று. ஒரு நாளைக்கு ஒரு கோவில் என்ற விதிப்படி ஞாயிறுக்குரியது இதுதான்.

லூர்து நகரில் பெர்னதெத் என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு 1858இல் மாதா பதினெட்டு முறை காட்சி கொடுத்தார். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளிலேயே, 1877இல், வில்லியனூரில் லூர்து மாதாவுக்குக் கோவில் எழுந்துவிட்டது. சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. இறக்கும்போது பெட்டி கைநழுவி விழுந்தும் சுரூபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற கதையை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோவிலுக்கு முன்னால் படிக்கட்டுகளோடு குளம், நடுவே மாதா. சிவன் கோவில் குளம் மாதிரியே இருக்கும். மாதாவின் கோவிலைத் தமிழ் மண்ணில் எப்படி அமைக்கலாம் என்று யோசித்தவர்களை மனதுக்குள் வணங்கத் தோன்றும். பெர்னதெத்தின் கதையைக் குளக்கரையில் உட்கார்ந்து சொல்லுங்கள், பிள்ளையின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். படிகள் வழுக்கும்.

இங்கே ஜெபமாலையின் மீதியைச் சொல்லி முடிக்கலாம். ஞாயிறு என்பதால் தியானிக்க வேண்டியவை மகிமை நிறை மறைபொருள்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தொப்பி, மாற்றுத்துணி இரண்டு, கொசுக்கடிக்கு ஒரு களிம்பு, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மருந்து. பூசைக்கென்று தனியாக ஒரு சின்னத் துணிப்பை வையுங்கள். அதில் குழந்தைகளுக்கான பைபிள் படக்கதை, சத்தம் போடாத துணிப்பொம்மை, காணிக்கைக்குச் சில்லறை. காணிக்கையைப் பிள்ளை கையாலேயே போடவிடுங்கள். தள்ளுவண்டியை நம்பாதீர்கள். நடைபாதை ஏறி இறங்கும், மரவேர் குறுக்கிடும், பைக்குகள் நிற்கும். உடம்போடு கட்டித் தூக்கும் துணித்தொட்டில்தான் உதவும்.

ஆட்டோவில் மீட்டர் போடுவது அரிது, ஏறும் முன்பே பேசிவிடுங்கள். வாடகை ஸ்கூட்டர் எல்லா முனையிலும் கிடைக்கும். ஆனால் ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேர் போகும் வேலை வேண்டாம்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊரின் நடுவில், பூங்காவுக்குப் பக்கத்தில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. கோரிமேட்டில் ஜிப்மர். இந்த மூன்றின் பெயரையும் கைபேசியில் குறித்துவைத்துக்கொண்டால் நள்ளிரவில் தேட வேண்டாம்.

வில்லியனூர் மாதா கோவிலிலிருந்து பாட்டிக்காகப் புனிதத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவதாக இருந்தால் வீட்டிலிருந்தே நல்ல மூடியுள்ள பாட்டில் ஒன்று கொண்டுபோங்கள். சென்ற முறை நாங்கள் பழைய குளிர்பான பாட்டிலில் பிடித்தோம். திண்டிவனம் தாண்டுவதற்குள் முழுவதும் சின்னவனின் பையில் கொட்டிவிட்டது. வீட்டில் பாட்டி அந்த ஈரச் சட்டையைப் பிழிந்து நெற்றியில் தொட்டுக்கொண்டார்.